படித்தவை, பார்த்தவை, கண்டெடுத்தவை

ஹிஜ்ரி 1446ஆம் ஆண்டில் நான் முழுமையாக வாசித்து முடித்த நூல்கள் 14. பாதியில் நின்றவை ஆறேழு இருக்கும். எண்ணிக்கையில் இது பெருமைக்குரியதன்று. எங்களுக்கு ஓதிக்கொடுத்த உஸ்தாதுமார்கள் ஒரு ரமளானிலேயே இதனினும் மிகுதியாக வாசித்திருப்பார்கள். ஆயினும் காலையில் மக்தபு, பகலில் கிதாபு வகுப்பு, மாலையில் மீண்டும் சிறுவர் வகுப்பு என்று சுழன்று வரும் ஒரு மதரஸா ஆசிரியனுக்கு, இஷாவுக்குப் பின்னர்க் கிடைக்கும் முக்கால் மணி நேரமே தனக்கென்று உரிய நேரம். அந்த நேரத்தையும் கைப்பேசி விழுங்கிவிடாமல் காப்பதென்று அவ்வாண்டு முஹர்ரம் முதற்பிறையன்று முடிவு செய்து, ஒரு 80 பக்க நோட்டில் நாள்தோறும் இரண்டு வரி குறித்து வந்தேன். அல்லாஹ்வின் அருளால் துல்ஹஜ் முடிய அக்குறிப்பு தடைப்படவில்லை. அதனைப் புரட்டியபடியே இதனை எழுதுகின்றேன். 14 நூல்களையும் வரிசைப்படுத்தி வாசகர்களைக் களைப்படையச் செய்யும் எண்ணம் எனக்கில்லை. மனத்தில் தங்கியவற்றை மட்டும் சொல்கின்றேன்.

இளங்கலையில் வரலாறு படித்தவனாதலால் பயண நூல்களின்மீது எனக்குத் தனி ஈடுபாடு உண்டு. இப்னு பதூதாவின் பயண நூலில் மதுரை பற்றிய சில பக்கங்களைக் கல்லூரி நாட்களில் தேர்வுக்காகப் படித்ததோடு சரி. இம்முறை அரபு மூலத்தையும், கிப் என்னும் அறிஞர் 1929இல் வெளியிட்ட ஆங்கிலச் சுருக்கத்தையும் அருகருகே வைத்துக்கொண்டு மூன்று மாத காலம் படித்தேன். 1325ஆம் ஆண்டு, தமது 21ஆம் வயதில் மொராக்கோவின் தன்ஜா நகரிலிருந்து ஹஜ்ஜுக்கெனத் தனியே புறப்பட்ட அந்த இளைஞர், டில்லியில் முஹம்மது பின் துக்ளக்கிடம் காழியாக இருந்தார். மாலத்தீவிலும் காழியாக இருந்தார். அங்கிருந்து ஸரந்தீபுக்கு வந்து பாவா ஆதம் மலையின்மீது இரும்புச் சங்கிலிகளைப் பற்றிக்கொண்டு ஏறினார். பின்னர் நம் மஃபர் கரைக்குக் கப்பலேறினார்.

கரைக்கு அணித்தாக வந்தபோது அவருடைய கப்பல் தரைதட்டிவிட்டது. உடன் வந்தோரைத் தெப்பத்தில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் கப்பலின் பின்புறத்திலேயே இரவைக் கழித்தார். மறுநாள் காலையில் அவரைப் படகில் ஏற்றிக் கரை சேர்த்தவர்கள் இந்த மண்ணின் சாமானிய மக்கள்; முஸ்லிம்கள் அல்லர். பின்னர் அவர் பத்தன் என்னும் துறைமுகத்தைப் பார்க்கின்றார். கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், அங்கே விளைந்த திராட்சையையும் மாதுளையையும் மறவாமல் குறிப்பிடுகின்றார். இவையெல்லாம் படிக்க இனிமையானவை. என்னை நிறுத்தி வைத்த பக்கம் வேறு.

அன்று மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன், இப்னு பதூதாவுக்குச் சகலை முறை. டில்லியில் இவர் மணந்த பெண்ணின் சகோதரியே சுல்தானின் மனைவி. விருந்தோம்பல் பெற்றவர், உறவினர், மார்க்கத்தால் சகோதரர். ஆயினும் போரில் பிடிபட்டவர்களையும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகளையும் அந்தச் சுல்தான் கொன்ற கொடுமையை அவர் ஒளிவு மறைவின்றி எழுதி வைத்தார். இதனைச் செய்த காரணத்தாலேயே அல்லாஹ் அம்மன்னனின் முடிவை விரைவுபடுத்தினான் என்றும் கருத்துரைத்தார். முஸ்லிம் அரசர் என்றாலே எல்லாம் பொற்காலம் என்று மேடைகளில் பேசிப் பழகிய நமக்கு, 14ஆம் நூற்றாண்டின் காழி ஒருவர் காட்டிய இந்த நேர்மை சற்று உறைக்கவே செய்யும். உறைத்தால் நல்லது.

இவ்வாண்டு வீட்டில் ஒரு புதுப் பழக்கமும் தொடங்கினோம். வியாழன்தோறும் மஃரிபுக்குப் பின்னர்க் குடும்பத்தாரை உட்கார வைத்துச் சீறாப்புராணத்தில் ஒரு படலம் வாசிப்பது. உமறுப் புலவர் மூன்று காண்டங்களில் 92 படலங்களாக, 5027 விருத்தங்களில் பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாற்றைப் பாடியிருக்கின்றார். வாரத்திற்கு ஒன்றென்றால் முழுவதையும் முடிக்க ஏறக்குறைய இரண்டாண்டு ஆகும். திருமணங்கள், மௌத்து வீடுகள், தேர்வுக் காலங்கள் இவற்றுக்கெல்லாம் விடுமுறை விட்டதுபோக, விலாதத்துக் காண்டத்தின் 24 படலங்களை மட்டுமே முடிக்க முடிந்தது. நாட்டுப் படலம் வாசித்தபோது என் இளைய மகள் கேட்டாள்: "வாப்பா, அரபு நாட்டில் இவ்வளவு நெல்லா விளைந்தது?" அவள் கேட்டது சரியே. ஆறு பெருகி, வயலில் மள்ளர் உழுது, நாற்று நட்டு, கதிர் அறுக்கும் காட்சியையெல்லாம் உமறு அரபு நாட்டின்மேல் ஏற்றிப் பாடுகின்றார். தமிழ்க் காப்பிய மரபு அது. நாட்டுச் சிறப்பென்றால் நீர்வளமும் நெல்வளமும் இல்லாமல் ஆகாது. எட்டயபுரத்துக் கரிசல் மண்ணில் வாழ்ந்த அப்புலவர், தமக்கு உயிரினும் இனிய நபியின் நாட்டைத் தமக்குத் தெரிந்த செல்வங்களிலெல்லாம் உயர்ந்த செல்வத்தால் நிறைத்தார் என்று விளக்கினேன். "அப்படியென்றால் அது பொய்யில்லை, ஆசை" என்றாள் மகள். இதனைவிடச் சுருக்கமான இலக்கியத் திறனாய்வை நான் கல்லூரியில் கேட்டதில்லை.

மூத்தவள் தானே தேடி எடுத்துப் படித்தது நாகூர் சித்தி ஜுனைதா பேகம் 1938இல் வெளியிட்ட 'காதலா? கடமையா?' என்னும் நாவல். மூன்றாம் வகுப்புவரை மட்டுமே பள்ளி சென்ற ஒரு முஸ்லிம் பெண்மணி எழுதிய அந்நூலுக்கு உ.வே. சாமிநாதையர் முன்னுரை வழங்கியிருக்கின்றார் என்னும் செய்தியே அவளுக்குப் போதுமானதாக இருந்தது. கதை எனக்குச் சற்றுப் பழம்பாணியாகத்தான் பட்டது. அவளோ ஒரே இரவில் முடித்துவிட்டாள்.

வருகைப் பதிவேட்டில் விண்மீன்கள்

பொழுதுபோக்கு என்று சொல்லத்தக்கது எனக்கு ஒன்றே. மாடியில் நின்று வானம் பார்ப்பது. தொலைநோக்கி எதுவும் இல்லை. கண்ணும் ஒரு வான்படமும்தான். அப்துர் ரஹ்மான் அஸ்ஸூஃபி என்னும் பேரறிஞர் (903 - 986) 964ஆம் ஆண்டில் எழுதிய, விண்மீன் குழுக்களின் உருவங்களைப் பற்றிய நூலைக் குறித்து ஒரு கட்டுரை படித்தேன். அதிலிருந்து தொடங்கியது இந்த ஈடுபாடு. பண்டைய 48 விண்மீன் குழுக்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து, ஒவ்வொரு மீனின் ஒளி அளவையும் தம் கண்ணால் கண்டு திருத்தியவர் அவர். ஆந்த்ரோமேதா என்னும் குழுவின் அருகே ஒரு சிறு மேகம் தென்படுவதாகவும் எழுதினார். அந்த மேகம் நம்முடைய பால்வீதிக்கு வெளியே, ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மற்றொரு விண்மீன் மண்டலம் என்பது 20ஆம் நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

ஜமாதுல் ஆகிர் கடைசி வாரத்தில், மழை விட்டிருந்த ஓர் இரவில் ஊர் முழுவதும் மின்தடை. எல்லாரும் மின்வாரியத்தை ஏசிக்கொண்டிருக்க, நான் மட்டும் மகிழ்ச்சியோடு மாடிக்கு ஓடினேன். வடமேற்கில் அந்த மேகம் தெரிந்தது. நேராகப் பார்த்தால் மறைகின்றது. சற்று ஒதுக்கிப் பார்த்தால் தெரிகின்றது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஈரானின் இஸ்ஃபஹானில் அஸ்ஸூஃபி கண்ட அதே புகைத்துளி. மின்சாரம் பத்து நிமிடத்தில் வந்துவிட்டது.

எல்லா இரவுகளும் இப்படி அமையவில்லை. 2024 அக்டோபரில் உலகமே பார்த்த துசின்ஷான்-அட்லாஸ் வால்மீனை எங்கள் ஊர் மேகங்கள் ஒருநாள்கூடக் காட்டவில்லை. அதற்கு ஈடு செய்வதுபோல, 2025 மார்ச் முதல் தேதி மாலை ரமளான் தலைப்பிறையைப் பார்க்கக் கடற்கரைக்குப் போனபோது, மெல்லிய பிறைக்கு அருகில் வெள்ளிக் கோள் விளக்குப்போல் நின்றது. பிறை தேடியவர்களுக்கு அன்று அதுவே வழிகாட்டி.

இந்த ஈடுபாடு வகுப்பறைக்குள் நுழைந்தது ஒரு வருகைப் பதிவேட்டின் வழியாக. எங்கள் மக்தபில் சுஹைல் என்னும் பெயருடைய சிறுவர்கள் இருவர். சுரையா என்னும் சிறுமி ஒருத்தி. பெயரின் பொருள் என்னவென்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை; பெற்றோருக்கும் தெரியவில்லை. ஒருநாள் இரவு பெற்றோரின் அனுமதியோடு பத்துப் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் சென்று அவர்களுடைய பெயர்களை வானத்தில் காட்டினேன். சுரையா என்பது துரய்யா. நம் தாய்மார்கள் ஆறாமீன் என்று சொல்லும் கார்த்திகைக் கூட்டம். அதனைப் பின்தொடர்ந்து வரும் செம்மீனை அரபிகள் அத்தபரான், அதாவது பின்தொடர்வது என்றார்கள். தமிழர் ரோகிணி என்றார்கள். அந்தக் குளிர்காலம் முழுவதும் வியாழன் கோள் அதனருகே நின்றதால் அடையாளம் காட்டுவது எளிதாயிற்று. சுஹைல் என்பது தென்வானில் தாழ்வாக ஒளிரும் பெருமீன். தமிழில் அகத்திய மீன். வானம் முழுவதிலும் ஒளியில் இரண்டாம் இடம் அதற்கு. முதலிடம் பெற்றது ஷிஃரா. திருக்குர்ஆனின் அந்நஜ்மு அத்தியாயம், 49ஆம் வசனத்தில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் விண்மீன்.

இரண்டு சுஹைல்களுக்கும் அன்றிரவு யாருக்கு அந்த மீன் சொந்தம் என்பதில் பெரும் வழக்கு.

திருவாதிரையின் கதையைப் பிள்ளைகள் மிகவும் விரும்பினார்கள். அதன் அரபுப் பெயர் யதுல் ஜவ்ஸா. ஜவ்ஸாவின் கை என்று பொருள். ஐரோப்பாவில் அரபு நூல்களை இலத்தீனுக்குப் பெயர்த்தபோது, தொடக்கத்திலுள்ள யா எழுத்தின் இரண்டு புள்ளிகள் ஒரு புள்ளியாகக் கொள்ளப்பட்டு, பா என்று வாசிக்கப்பட்டது. பீட்டல்ஜூஸ் என்று இன்று உலகம் வழங்கும் பெயர் அந்த ஒரு புள்ளியின் குறையால் வந்தது. எழுத்துக்குப் புள்ளி வைக்க மறக்கும் மாணவர்களைத் திருத்த எனக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைக்கவில்லை.

அடுத்த வாரமே ஒரு தந்தையார் மதரஸாவுக்கு வந்துவிட்டார். "ஹஜ்ரத், பிள்ளைகளுக்கு நட்சத்திர பலன் சொல்லிக்கொடுக்கின்றீர்களாமே?" என்றார். அவருடைய கவலை நியாயமானது. மீன்களைக் கொண்டு நல்ல நேரம் கெட்ட நேரம் பார்ப்பதற்கு நம் மார்க்கத்தில் இடமில்லை. ஆனால், தரையின் இருளிலும் கடலின் இருளிலும் வழியறிவதற்காக விண்மீன்கள் அமைக்கப்பட்டுள்ளன என்று அல்அன்ஆம் அத்தியாயத்தின் 97ஆம் வசனம் சொல்வதை எடுத்துக் காட்டினேன். அவர் படகு வைத்திருப்பவர். அவருடைய படகில் இப்போது செயற்கைக்கோள் கருவி இருக்கின்றது. அவருடைய வாப்பாவின் காலத்தில் ஆறாமீன்தான் இருந்தது. சற்று யோசித்துவிட்டு, "அடுத்த தடவை எனக்கும் சொல்லி அனுப்புங்கள்" என்று சொல்லிச் சென்றார். வரவும் செய்தார்.

சாக்கு மூட்டையில் கிடைத்தது

இனி, இவ்வாண்டில் என் மனத்தை மிகவும் அலைக்கழித்த செய்திக்கு வருகின்றேன்.

ரமளானுக்கு முன்னதாக, ஷஅபானில் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்கும்போது அலமாரிகளையும் பரண்களையும் காலி செய்வது எங்கள் ஊர் வழக்கம். கிழிந்துபோன முஸ்ஹஃபுகள், ஜுஸ்உகள், தாள் நொறுங்கிய கிதாபுகள் ஆகியவற்றை மஹல்லாவாசிகள் ஆண்டு முழுவதும் பள்ளியில் கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள். அல்லாஹ்வின் திருவசனங்கள் எவருடைய காலிலும் மிதிபடக் கூடாது என்னும் பேணுதலில் அவற்றைச் சாக்குகளில் கட்டி, கல்லைச் சேர்த்துப் படகில் கொண்டுபோய் ஆழக் கடலில் விடுவார்கள். சில ஊர்களில் மையவாடியின் ஒரு மூலையில் புதைப்பார்கள். நல்ல வழக்கமே. அன்று மூன்று சாக்குகள் வாசலில் தயாராக இருந்தன. ஒன்றின் வாய் அவிழ்ந்து கிடக்க, மேலே துருத்திக்கொண்டிருந்த ஒரு பழுப்பு நூலை எடுத்துப் பார்த்தேன். அட்டை இல்லை. முதற்பக்கமும் இல்லை. கல்லச்சில் பதித்த அரபு எழுத்து. "அது ஓத உதவாது ஹஜ்ரத். என்ன கிதாபென்று யாருக்கும் தெரியவில்லை" என்றார் மோதினார்.

முதல் வரியை அரபாகக் கொண்டு படித்தால் பொருள் வரவில்லை. வாய்விட்டுப் படித்தேன். கண்ணுக்கு அரபு, காதுக்குத் தமிழ்! ஒளு முறிக்கும் காரியங்கள் யாவை என்று ஒரு கேள்வியும், அதற்கு விடையும்.

அரபுத் தமிழைப் பற்றி நான் அறியாதவன் அல்லன். கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816 - 1898) அவர்கள் இவ்வெழுத்தில் சட்ட நூல்களை எழுதியதையும், தைக்கா ஷுஐபு ஆலிம் அவர்கள் 1993இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பெருநூலில் இம்மொழி வரலாற்றைத் தொகுத்ததையும் படித்திருக்கின்றேன். ஆனால் நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் பொருளாகவே அது என் எண்ணத்தில் இருந்தது. எங்கள் தெருவின் சாக்கு மூட்டையில் இருக்கும் என்று எண்ணியதில்லை. மூன்று சாக்குகளையும் அங்கேயே அவிழ்த்துப் பார்த்ததில் இத்தகைய நூல்கள் நான்கு கிடைத்தன. நான்கையும் கடலுக்கு அனுப்பவிருந்தது நம்முடைய மரியாதைதான். வாசிக்கத் தெரிந்தவர் இல்லாத வீட்டில், அரபு எழுத்தாகத் தெரிவதெல்லாம் திருமறையாகவே தோன்றும். குப்பையில் போட மனம் வராது. வைத்துக்கொள்ளவும் காரணம் இராது.

இந்த எழுத்தின் அமைப்பு எளிமையும் நுட்பமும் உடையது. அரபு எழுத்துகளில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு இருக்கும் எழுத்துகளிலேயே புள்ளி கூட்டிக்கொண்டார்கள். தால் எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்தால் டகரம். ஃபே எழுத்தின் கீழ் ஒரு புள்ளி வைத்தால் பகரம். ஐன் எழுத்துக்கு மூன்று புள்ளிகள் வைத்தால் ஙகரம். ளாத் எழுத்தின் கீழ்ப் புள்ளி வைத்து ளகர ழகரங்களுக்குப் பயன்படுத்தினார்கள். இதில் ஒரு சுவையும் உண்டு. ளாத் எழுத்தை நம்மவர்கள் தொன்றுதொட்டு ளகரமாகவே ஒலித்து வருகின்றனர். அதனாலன்றோ நாம் ரமளான் என்றும், ஒளு என்றும், களா என்றும் எழுதுகின்றோம்? எகர ஒகரங்களுக்கும் தனிக் குறிகள் உண்டு. மொத்தத்தில், குர்ஆன் ஓதத் தெரிந்த ஒரு தமிழ்ச் சிறுமி சில வாரப் பயிற்சியில் தன் தாய்மொழியில் எதையும் எழுதவும் வாசிக்கவும் முடியும். வேறு பள்ளிக்கூடம் தேவையில்லை.

இந்தக் கடைசி வரியின் முழுப் பொருளும் எனக்கு விளங்கியது ஷவ்வாலில்தான். அச்சுக்கு அச்சு புள்ளிகள் மாறுபட்டிருந்ததாலும், கல்லச்சின் மை பரவியிருந்ததாலும் என் வாசிப்பு ஆமைவேகத்தில் நடந்துகொண்டிருந்தது. பெருநாள் கழித்து எங்களோடு தங்கியிருக்க என் தாயாரின் மூத்த சகோதரி வந்திருந்தார். வயது 86. ரேஷன் அட்டை முதல் வங்கிப் புத்தகம் வரை எல்லாவற்றிலும் கைநாட்டு வைப்பவர். நான் எழுத்துக்கூட்டிக்கொண்டிருந்ததைச் சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்த பெரியும்மா, "அங்கே நிறுத்தாதே மவனே, சேர்த்து ஓது" என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, நூலை வாங்கி, கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மெல்லிய ராகத்தில் தங்குதடையின்றி வாசிக்கத் தொடங்கினார். அடுக்களையிலிருந்து என் மனைவி வந்து நின்றாள். பிள்ளைகள் வந்து நின்றார்கள். ஒன்றரைப் பக்கம் வாசித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"பெரியும்மா, உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?" என்று கேட்டாள் இளைய மகள்.

"இது படிப்பா? இது ஓதல்தானே" என்றார் பெரியும்மா.

மக்கள் தொகைக் கணக்கெடுக்க வருகின்றவர்கள் எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்டபோதெல்லாம் இல்லை என்றே அவர் சொல்லி வந்திருக்கின்றார். எந்த மொழியிலேனும் பொருள் விளங்கி எழுதப் படிக்கத் தெரிந்தவரே எழுத்தறிவு பெற்றவர் என்பதுதான் இந்தியக் கணக்கெடுப்பின் வரையறை. அந்த வரையறையை அவரிடம் எவரும் சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் தமக்குத் தெரிந்தது ஒரு மொழியின் எழுத்து என்று அவர் கருதியிருக்க மாட்டார். படிப்பு என்றால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடம் என்றால் ஆண் பிள்ளைகள்.

பிறகு மாலைதோறும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டேன். தெருவில் ஒரு மூதாட்டி சிறுமிகளுக்கு ஓதிக்கொடுத்திருக்கின்றார். முப்பது ஜுஸ்உ முடித்தவுடன் இந்த எழுத்து. அதன் வழியாக மசலாக்கள், மாலைகள், கிஸ்ஸாக்கள், முனாஜாத்துகள். கிஸ்ஸா, மசலா, நாமா, முனாஜாத்து, படைப்போர் என்று நம்மவர்கள் தமிழுக்குத் தந்த இலக்கிய வகைகளைக் கல்லூரியில் நான் தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். அவற்றுள் மூன்றைப் பெரியும்மா பத்து வயதில் அரிசி புடைக்கும் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து வாசித்துக் காட்டியிருக்கின்றார். கொழும்பிலும் ரங்கூனிலும் பினாங்கிலும் பிழைக்கப் போன கணவன்மார்க்கு இந்த எழுத்திலேயே பெண்கள் கடிதம் எழுதினார்கள். எழுத வேறொருவரை நாடவேண்டியதில்லை. மனத்திலுள்ளதை மூன்றாமவர் அறியவேண்டியதும் இல்லை. வானம் பற்றியும் அவரிடம் ஒரு பாடம் கிடைத்தது. எந்த மாதத்தில் ஆறாமீன் எங்கே நின்றால் ஸஹருக்கு எழவேண்டும் என்று அவருடைய தாயார் வீட்டு முற்றத்துத் தென்னையைக் கொண்டு கணக்குச் சொல்வாராம். நான் வான்படத்தை விரித்துக்கொண்டு சரிபார்த்தேன். கணக்குப் பிசகவில்லை.

அரபுத் தமிழை மீண்டும் வழக்குக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் வாதிடவில்லை. தமிழ் எழுத்தில் மார்க்க நூல்கள் மலிவாக அச்சேறின. நம் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றார்கள். அந்த எழுத்தின் தேவை குறைந்தது. பெண் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்றதற்காக வருந்துவார் உண்டோ? ஆனால், எழுதப்பட்டுவிட்டவை எழுதப்பட்டவைதாம். அவற்றை வாசிக்கக் கூடியவர்கள் எங்கள் மஹல்லாவில் எத்தனை பேர் என்று வீடு வீடாகக் கேட்டேன். பெரியும்மாவைத் தவிர மூவர். அவர்களில் ஒருவர் துல்கஃதாவில் மௌத்தாகிவிட்டார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

சாக்கில் கிடைத்த அந்த முதல் நூலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்லவேண்டும். அதன் கடைசியில் அச்சாகாத வெற்றுத் தாள்கள் இரண்டு இருந்தன. அவற்றில் மைப்பென்சிலால் அரபுத் தமிழில் யாரோ ஒரு பெண் எழுதி வைத்த குறிப்புகள். பிள்ளைகள் பிறந்த நாட்கள் மூன்று. ஒரு குழந்தை இறந்த நாள் ஒன்று. அதன்பின் "அவர்கள்" ரங்கூனுக்குக் கப்பலேறிய நாள், ஹிஜ்ரி 1358. அதன் கீழே, ரங்கூனிலிருந்து கடிதம் வந்த நாட்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது. கடைசிக் கடிதம் வந்தது 1360ஆம் ஆண்டு ஷவ்வால் மாதம். ஆங்கிலக் கணக்கில் அது 1941 அக்டோபர், நவம்பர். அந்த டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன்மீது குண்டு வீசினார்கள். 1942 மார்ச்சில் நகரமே அவர்கள் வசமாயிற்று. இலட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியாகக் கால்நடையாய்ப் புறப்பட்டு, வழியிலேயே எண்ணற்றோர் மாண்ட காலம் அது.

ஒன்பதாம் வரிக்குக் கீழே அரைப் பக்கம் வெறுமை. பின்னர், வேறொரு பென்சிலால், அதே கையெழுத்தில் ஒரே ஒரு குறிப்பு: 1366இல் மகளின் நிகாஹ். மஹர் எவ்வளவு என்பதும், வலியாக நின்றவர் பெண்ணின் பெரியவாப்பா என்பதும் எழுதப்பட்டிருந்தன. ஃபிக்ஹு பாடம் நடத்துகின்றவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை. தந்தை இருந்திருந்தால் அவரல்லவா வலி? பெரியும்மா அந்த வரியை வாசித்ததும் நூலை மூடி மடியில் வைத்துக்கொண்டார். அன்று மேற்கொண்டு வாசிக்கவில்லை.

குறிப்பில் ஓரிடத்திலும் பெயர் இல்லை. அக்காலப் பெண்கள் கணவரின் பெயரைச் சொல்வதில்லை. கணவரின் அண்ணன் பெயரையும் சொல்வதில்லை. தன் பெயரை எழுத அவருக்குத் தோன்றவில்லை. பிள்ளைகளைக்கூட மூத்தது, இளையது, ஆண் என்றே எழுதியிருக்கின்றார். நூலைப் பள்ளியில் கொடுத்தவர் யாரென்பதும் மோதினாருக்கு நினைவில்லை. எங்கள் ஊரில் ரங்கூன் சபுராளிகளின் வீடுகள் என்று முதியோர் சொல்பவை ஒன்பது. அவற்றில் ஆறு வீடுகளுக்குச் சென்று அந்தத் தாளின் நகலைக் காட்டிவிட்டேன். 1366இல் நிகாஹ் ஆன மகளின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த வீட்டிலேனும் இருக்கவேண்டும். ஆறு வீட்டாரும் தேநீர் தந்தார்கள். நகலை நெடுநேரம் பார்த்தார்கள். தங்கள் வீட்டுப் பரணையும் பார்ப்பதாகச் சொன்னார்கள். இரண்டு வீடுகளிலிருந்து வேறு நூல்கள் வந்தன.

துல்ஹஜ் முடியும்போது மதரஸா அலமாரியில் இருந்த அரபுத் தமிழ் நூல்கள் 11. அவற்றில் 3 நூல்களுக்கு முதற்பக்கம் உண்டு. ஒன்றில் குழந்தை வைத்தியக் குறிப்புகள். ஒன்றில் ஹஜ்ஜுக்குப் போகின்றவர் கவனிக்கவேண்டியவை. மேல்வகுப்பு மாணவர் நால்வர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்குப் பின்னர் வந்து, பெரியும்மா வாசிக்க வாசிக்கத் தமிழ் எழுத்தில் படியெடுக்கின்றார்கள். அவர்கள் வேகம் அவருக்குப் போதவில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கை ஓடமாட்டேன் என்கிறதே" என்று குறைப்பட்டுக்கொள்கின்றார். அவருடைய வலக்கண்ணில் புரை முற்றியிருப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கின்றார். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முன்னர், குழந்தை வைத்திய நூலில் மிச்சமிருக்கும் 22 பக்கங்களை முடித்துவிட வேண்டும் என்று அவரே சொல்லிவிட்டார்.